இரண்டாம் எண் தறியில் முளைத்த கீரை

ஒரு மனிதர் தம் வீட்டில் தம் மனைவிக்காகக் கொஞ்சம் முளைக்கீரை வளர்ப்பதை இந்த நாட்டில் எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. இதை நம்பித்தான் ஆரணி தருமன் காரியத்தில் இறங்கினார். சட்டம் தடை செய்யாத காரியத்தில்தான் ஆபத்து அதிகம் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

காரணம் நியாயமானதுதான். அவர் மனைவி கற்பகம் பட்டுச்சேலை நெய்கிறவர். ஒருநாள் தறியை விட்டு எழுந்தவர் தலை சுற்றி, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, ஹீமோகுளோபின் எட்டுதான் இருக்கிறது, தினமும் கீரை சாப்பிடுங்கள் என்றார். கற்பகமும் தலையாட்டினார். தெருமுனைக்குத் தினமும் காலையில் கீரைக்காரம்மா கூடையோடு வருவார். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் தருமனிடம் செல்போன் இருந்தது. கீரையைப் பற்றித் தெரிந்துகொள்ளலாமே என்று தேடினார். அதில் கோட்டு போட்ட ஒருவர் பதினோராவது மாடி பால்கனியில் நின்றுகொண்டு, மண் என்பதே ஒரு பழைய பழக்கம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மண்ணில் கிருமி இருக்கிறது, பூச்சி இருக்கிறது, படித்தவர்கள் இப்போது தண்ணீரிலேயே பயிர் செய்கிறார்கள், அதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயர். நாற்பத்தாறு வருஷமாக மண்ணில் விளைந்ததைத் தின்று ஒரு குறையும் இல்லாமல் இருந்த தருமனுக்கு அந்த நிமிஷம் முதல் மண் என்றாலே குமட்டியது. மறுநாள் கற்பகம் வாங்கிவந்த கீரைக்கட்டைக் கையோடு திருப்பி அனுப்பினார்.

"மண்ணுல மொளச்சத வாங்கினு வந்துகீறியே," என்றார்.

"பின்ன எதுல மொளைக்கும்?" என்று கேட்டார் கற்பகம்.

இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் அதற்குப் பிறகு சரியான பதில் கிடைக்கவே இல்லை.

தருமன் வீட்டு முன்கூடத்தில் இரண்டு குழித்தறிகள். ஒன்றாம் எண் தறி கற்பகத்துடையது. இரண்டாம் எண்ணில் தருமன் நெய்துகொண்டிருந்தார். முதுகு எலும்பு மக்கர் செய்ததால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேலை டிசைனுக்கு அட்டையில் ஓட்டை அடிக்கிற வேலைக்குப் போய்விட்டார். அங்கே நாற்காலி உண்டு. தறியின் அச்சு, பலகை, ஜக்கார்டு பெட்டி எல்லாவற்றையும் விற்றுவிட்டார். தேக்குச் சட்டம் மட்டும் நின்றது. அதை வெளியே எடுக்க முடியாது. அந்த வீட்டில் முதலில் தறியை நிறுத்திவிட்டுத்தான் அப்புறம் வாசற்கால் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தைப் பார்க்கப் பார்க்க, இது ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே செய்தது என்று தருமனுக்குப் பட்டது. குறுக்கே நாலு பிளாஸ்டிக் பைப்புகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கட்டினார். ஒவ்வொன்றும் ஐந்தடி. பைப்பில் சாண் இடைவெளியில் வட்ட ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு டீ கப்பைப் பொருத்தினார். கப்புக்குள் தேங்காய் நார்த்தூள். கப்பின் அடியிலிருந்து தண்ணீரைத் தொடுகிற மாதிரி ஒரு திரி தொங்க வேண்டும் என்று கோட்டுக்காரர் சொல்லியிருந்தார். வீட்டில் திரிக்கா பஞ்சம்? கழிவுப் பட்டு நூலை முறுக்கித் தொங்கவிட்டார். கால் வைத்து மிதிக்கிற தறிக்குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் டிரம்மை இறக்கி, சத்து உப்பு கரைத்த தண்ணீரை அதில் நிரப்பினார். மீன் தொட்டிக்குப் போடுகிற சின்ன மோட்டார் அந்தத் தண்ணீரை மேல் பைப்புக்கு ஏற்றியது. அது ஒவ்வொரு பைப்பாக இறங்கி மறுபடியும் குழிக்கே வந்து சேர்ந்தது. வெளிச்சத்துக்குத் தறிக்கு நேர்மேலே கூரையில் கண்ணாடி ஓடு ஏற்கெனவே இருந்தது.

நடு இரண்டு பைப்புகளில் பச்சை முளைக்கீரை விதைத்தார். விதை தீர்ந்துபோகவே மேல் பைப்பிலும் கீழ்ப் பைப்பிலும் சிவப்புக் கீரையைப் போட்டார். பத்தே நாளில் கூடம் முழுக்கப் பசேலென்று ஆனது. கற்பகம் கூடச் சிரித்துவிட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அது அழகாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ராஜ்குமார் வந்தார். தறிகள் எண்ணிடல் மற்றும் கண்காணிப்புப் பிரிவில் கணக்கெடுக்கிற பையன். கையில் பலகை மாதிரி ஒரு போன்; கணக்கெடுப்பு அந்த வருஷம்தான் போனுக்கு மாறியிருந்தது. ஒன்றாம் எண் தறியைப் படம் பிடித்தார். இரண்டாம் எண்ணுக்கு வந்தார். தேக்குச் சட்டத்தில் வெள்ளைப் பெயின்டில் இரண்டு என்று எழுதியிருந்தது. அதன்மேல் கீரை இருந்தது.

ராஜ்குமார் நல்ல பையன். கீரையைக் கீரை என்றே எழுதிக்கொள்ளத்தான் அவரும் ஆசைப்பட்டார். ஆனால் அவர் போனில் இரண்டு பொத்தான்களே இருந்தன. ஒன்று 'தறி இயங்குகிறது'. மற்றது 'தறி இயங்கவில்லை'. இயங்கவில்லை என்பதை அமுக்கினால் பதினோரு பக்கம் திறந்தது. நெசவாளர் இறந்ததற்கான சான்று, தறி எரிந்ததற்கான சான்று, தறி வெள்ளத்தில் போனதற்கான சான்று, இந்த மூன்றில் ஒன்றை இணைக்க வேண்டும். அதுவரை அந்த வீட்டுக் கோப்பு முடக்கப்படும். கோப்பு முடங்கினால் ஒன்றாம் எண் தறியும் நிற்க வேண்டும்.

தருமனுக்கு இறக்க மனமில்லை. தேக்கு லேசில் எரியாது. வெள்ளத்துக்கு எங்கே போவது? கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்தால் அதைப் பார்க்க ஊரே கூடிப் போகிற காலம் இது.

"ணா, இதுல ஏதாவது ஓடுதா?" என்று கேட்டார் ராஜ்குமார்.

"தண்ணி ஓடுது."

"அப்ப இயங்குது," என்று பொத்தானை அமுக்கிவிட்டார்.

அடுத்து போன் 'மூலப்பொருள்' என்று கேட்டது. ராஜ்குமார் குனிந்து பார்த்தார். கப்புகளுக்கு அடியில் பட்டு நூல் தொங்கியது. 'பட்டு' என்று போட்டார். அதற்குப் பிறகு 'தறியிலுள்ள துணியின் படம்' என்று கேட்டது. வேறு வழியில்லாமல் கீரையைப் படம் பிடித்தார். போனுக்குச் சொந்த மூளை உண்டாம். அரை நிமிஷம் யோசித்துவிட்டுத் தானே எழுதிக்கொண்டது: 'பச்சை உடல். இருபுறமும் அரக்கு பார்டர். ஏற்கப்பட்டது.'

"இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்காதீங்கணா. சும்மா கணக்குக்குத்தான்," என்று சொல்லிவிட்டு ராஜ்குமார் ஜல்தியாகக் கிளம்பிப் போனார். கணக்குக்காக எழுதுகிறது மட்டும்தான் இந்த நாட்டில் அழியாமல் நிற்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலும்.

இருபத்தைந்தாம் நாள். கீரை முழங்கை உயரம் வளர்ந்திருந்தது. கற்பகம் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கத்தியோடு கூடத்துக்கு வந்தார். சரியாக அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் பொன்னுசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதே பிரிவில் முப்பது வருஷ சர்வீஸ். அந்த முப்பது வருஷத்தில் ஒரு விதியைக் கூட அவர் மீறியதில்லை. ஒரு விதியைப் புரிந்துகொண்டதும் இல்லை.

"கத்திய கீழ போடும்மா. எண் போட்ட தறியில இருக்கிற துணிய அளந்து சீல் வெக்கிறதுக்கு முன்னாடி அறுக்கக்கூடாது," என்றார்.

"சார், இது கீரை சார்," என்றார் தருமன்.

"நான் கீரை இல்லன்னு சொன்னனா?" பொன்னுசாமிக்குக் கோபமே வராது. "கண்ணுக்குக் கீரை. பதிவேட்டுல சேலை. நீங்க கண்ண நம்பலாம். நான் சம்பளம் வாங்குறவன், பதிவேட்டத்தான் நம்பணும்."

டேப்பை எடுத்து அளந்தார். நாலு பைப், ஐந்தைந்து அடி, மொத்தம் இருபதடி. ரவிக்கைத் துணியோடு ஒரு சேலைக்கு இருபதரை அடி வேண்டும். ஆறங்குலம் குறைவு என்று குறித்துக்கொண்டார். அப்புறம் அவர் காதில் ஒரு சத்தம் விழுந்தது. குழிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"இன்னாப்பா இது, கைத்தறியில மோட்டாரு?"

ஒரு வாரத்தில் ஓலை வந்தது. 'மேற்படி இரண்டாம் எண் கைத்தறியில் ஊடை நூலுக்குப் பதிலாகத் தண்ணீர் பயன்படுத்தப்படுவது இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. அது குறித்து ஆட்சேபணை இல்லை. ஆயின் மேற்படித் தண்ணீர் மின்சாரத்தால் இயக்கப்படுவது கைத்தறியின் மாண்புக்குக் குந்தகம் விளைவிப்பதாகும். மோட்டார் உடனடியாக அகற்றப்பட வேண்டும். தண்ணீர் கையால் ஊற்றப்பட வேண்டும். தறியில் உள்ள துணி வாடுமானால் அது அரசு இலச்சினை இடப்பட்ட பொருளைச் சேதப்படுத்தியதாகக் கருதப்படும்.'

இலச்சினையும் உண்மைதான். பொன்னுசாமி போகும்போது கீரையைச் சுற்றி நாடா கட்டி அரக்கு சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

தருமன் காலையில் அட்டை அடிக்கப் போனால் சாயங்காலம்தான் வருவார். ஆகவே தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பு கற்பகத்துக்கு வந்தது. கால் மணிக்கு ஒரு தடவை ஒன்றாம் எண் தறியை விட்டு எழுந்து, இரண்டாம் எண் தறிக்குழியில் குனிந்து, சொம்பில் மொண்டு, எட்டி மேல் பைப்பில் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டு வந்து நாலு இழை போடுவதற்குள் மறுபடியும் எழுந்திருக்க வேண்டும். அந்த மாசம் டாக்டரம்மா ரத்தம் பார்த்தார். எட்டு, ஏழரை ஆகியிருந்தது.

"கீரை சாப்பிடுறீங்களா இல்லையா?"

"வளத்துகினு கீறோம்மா," என்றார் கற்பகம். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தருமனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மனைவியின் ரத்தத்துக்கென்று வளர்த்த கீரை மனைவியின் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது. மண்ணில் முளைத்தாலும் பரவாயில்லை, கீரைக்காரம்மாவிடமே ஒரு கட்டு வாங்கிவருவோம் என்று தெருமுனைக்குப் போனார். அவர் அங்கே இல்லை. பத்து நாளாக வருவதில்லையாம். ஏன் என்றால், ஊரில் இப்போது யாரும் மண் கீரை வாங்குவதில்லை.

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். அந்தப் பிரிவுக்கு ஆரணியில் இருநூறு புதுத் தறி காட்ட வேண்டும் என்று அந்த வருஷம் இலக்கு வைத்திருந்தார்கள். வருஷம் முடியப் போகிறது, ஒரு தறியும் கூடவில்லை. தருமன் வீட்டுப் படம் மேலே போனதும் மேலிடம் மகிழ்ந்தது. சாயமில்லாத, கழிவில்லாத, நெசவாளரே இல்லாத தறி. இதைப் போல ஏற்படுத்துவோர் ஊக்குவிக்கப்படுவர் என்று சுற்றறிக்கை வந்தது. எப்படி ஊக்குவிப்பார்கள் என்று அதில் இல்லை. இல்லாத இடத்தை ஊர் மக்களே நிரப்பிக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பயணம் என்றார்கள் சிலர். வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர் என்றார்கள் சிலர். இரண்டே வாரத்தில் பிளாஸ்டிக் பைப் கிடைக்காமல் போனது. வீட்டுக்கு வீடு கட்டிலிலும் ஏணியிலும் பைப்பைக் கட்டி, எண் போட்டுத் தாருங்கள் என்று ராஜ்குமாரை வளைத்துக்கொண்டார்கள். அவரும் அசராமல் படம் எடுத்து ஏற்றினார்.

பெரிய கடை வீதியில் பட்டுக்கடை வைத்திருக்கிற வேணுகோபால் விஷயத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். கடை நடுவில் விளக்கு போட்டு எட்டு பைப் நிறுத்தினார். முகூர்த்தச் சேலை எடுக்க வந்த பெண்கள் சேலையைப் பார்க்காமல் கீரையோடு நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். தம் மகளின் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்புக்குக் கீழே 'மண் படாத கீரை மசியல் உண்டு' என்று அச்சடித்தார். பந்தியில் மூன்று தலைமுறையாகக் கழனியில் நின்ற குடும்பத்துக்காரர் ஒருவர் மசியலை முகர்ந்து பார்த்து, "லேசா மண் வாசன வர்ற மாதிரி கீது," என்று இலையில் ஒதுக்கி வைத்தார்.

நாற்பத்தைந்தாம் நாள் பொன்னுசாமி மறுபடியும் தருமன் வீட்டுக்கு வந்தார். அதற்குள் கீரை முற்றி, தண்டு விறகாகி, கதிர் கதிராகப் பூத்திருந்தது. 'புட்டா வேலைப்பாடு மிகுந்துள்ளது' என்று பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார். பிறகு, நெய்து முடிந்த சேலையை ஒப்படைக்க வேண்டிய நாள் இது என்றார்.

"எந்தச் சேலைய சார் குடுக்கறது?" தருமனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பதிவேட்டுல இருக்கிற சேலைய. பச்சை உடல், அரக்கு பார்டர், புட்டா. அது வந்தா சீல எடுத்துடுவேன். வரலன்னா வீட்டுக் கோப்ப முடக்கணும். சாயங்காலம் வரைக்கும் டைம்."

தருமன் வேணுகோபாலிடம் ஓடினார். வேணுகோபால் அலமாரியில் கையை விட்டு, பார்க்காமலே பச்சையில் அரக்கு பார்டர் போட்ட சேலை ஒன்றை உருவிக் கொடுத்தார். விசைத்தறியில் ஒரு நாளைக்கு நாலு இறங்குகிற ரகம். கைத்தறி என்று சொன்னால் செல்லுமா என்று தருமன் தயங்கினார்.

"நாங்க இதத்தானேப்பா கைத்தறின்னு கல்யாணத்துக்குக் குடுத்துகினு கீறோம். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல," என்றார் வேணுகோபால்.

வீட்டுக்கு வந்ததும் கற்பகம்தான் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சேலை இருபதரை அடி, முழுசாக இருந்தது. பதிவேட்டில் ஆறங்குலம் குறைவு. கத்திரிக்கோலை எடுத்து ஆறங்குலம் வெட்டினார். பொன்னுசாமி வந்து அளந்தார். சரியாக ஆறங்குலம் குறைந்தது. முப்பது வருஷ சர்வீஸில் பதிவேடும் பொருளும் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போய் அவர் பார்த்ததில்லை. கண் கலங்க, 'அசல் கைத்தறி' என்று முத்திரை குத்தினார். மாவட்டக் கைத்தறிப் போட்டிக்குப் போன அந்தச் சேலைக்கு முதல் பரிசு கிடைத்தது. நடுவராக வந்திருந்த அம்மையார் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, தொட்டாலே தெரிகிறது, மெஷினில் இது வருமா என்று கேட்டாராம். அப்புறம் அது யாரிடம் விலைபோனது என்று எனக்குத் தெரியாது. உங்கள் பீரோவில் பச்சைச் சேலை ஒன்று ஆறங்குலம் குறைந்து கிடந்தால் ஆரணியின் மேல் கோபப்படாதீர்கள். வாங்கும்போது நீங்களும் தொட்டுப் பார்த்துத்தான் வாங்கியிருப்பீர்கள்.

சீல் எடுத்த கீரையைப் பின்தெரு மாட்டுக்குப் போட்டார்கள். மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தருமன் பைப்பைக் கழற்றினார். இருநூறு வீடுகளில் ஒன்றுக்குக் கூட ஸ்கூட்டர் வரவில்லை. மெல்ல எல்லாப் பைப்பும் துணி காயப்போட உதவின. கோட்டுக்காரரும் இப்போது வேறு வீடியோவில், களிமண்ணைத் தொட்டால் மன அழுத்தம் குறையும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கீரைக்காரம்மா தெருமுனைக்குத் திரும்பி வந்தார். கீரைக்கட்டில் இன்னும் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தால் நல்லது என்று ஆட்கள் கேட்டு வாங்கினார்கள்.

அடுத்த வருஷம் கணக்கெடுப்பு வந்தது. அன்று காலையில் கற்பகம் சிறுகீரைக் கட்டு ஒன்று வாங்கி வைத்துவிட்டு, ஒன்றாம் எண் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். மாம்பழ மஞ்சளில் பாதிச் சேலை முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் தருமன் அடுப்படியில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார். பரிசு வாங்கிய இரண்டாம் எண்ணுக்கு இந்த வருஷம் கணக்கெடுப்பு கிடையாதாம்; ராஜ்குமார் வந்து போனை ஒன்றாம் எண் தறிக்கு நேராகப் பிடித்தார். போன் யோசித்தது. 'இது தறி அல்ல' என்று எழுதியது. இந்தப் பக்கம் நின்று பிடித்தார். அந்தப் பக்கம் நின்று பிடித்தார். மூன்று தடவையும் அதே பதில்தான்.

"போன வருஷம் ஏத்துன படத்த வெச்சிதான் இது கத்துகிச்சாம் அக்கா," என்றார் ராஜ்குமார் சங்கடத்தோடு. "ஆரணியில ஏத்துனதுல பாதிக்கு மேல பைப்பு. பச்சையா இருந்தாதான் தறின்னு நெனச்சிகினு கீது."

"நான் ஒக்காந்து நெய்ஞ்சிகினு கீறேனே, உனக்குத் தெரியலயா?"

"எனக்குத் தெரியுதுக்கா. எனக்குத் தெரிஞ்சி இன்னா பண்றது?"

இயங்கவில்லை என்று போட்டால் அந்தப் பதினோரு பக்கம் காத்திருந்தது. ராஜ்குமார் கூடத்தைச் சுற்றும் முற்றும் பார்த்தார். அடுப்படி வாசலில் கீரைக்கட்டு கண்ணில் பட்டது. அவர் முகம் தெளிந்தது.

"அக்கா, அந்தக் கட்ட எடுத்து இப்டி தறி மேல கொஞ்சம் வைங்க."

கற்பகம் எழுந்து போய்க் கட்டை எடுத்துவந்தார். கீரையை நன்றாக உதறி, பாவு நனையாமல் கீழே ஒரு துண்டை விரித்து, அதன்மேல் கட்டைப் பிரித்துப் பரப்பினார். போன் ஒரு நொடிதான் யோசித்தது. 'தறி இயங்குகிறது. பச்சை உடல். ஏற்கப்பட்டது.' ராஜ்குமார் பெருமூச்சு விட்டுப் போனைப் பைக்குள் வைத்தார்.

கற்பகம் கீரையை வாரக் கையை நீட்டினார்.

"எடுத்துடாதீங்கக்கா," என்றார் ராஜ்குமார். "சார் வந்து அளந்து சீல் வெக்கணும். அது வரைக்கும் தறியில இருக்கறதத் தொடக்கூடாது."

"எப்ப வருவாரு?"

"இருபத்தஞ்சி நாள் ஆவும்."

அடுப்படியில் தருமன் பருப்பை இறக்கி வைத்துவிட்டு, ஊறுகாய் ஜாடியைத் தேட ஆரம்பித்தார்.